பூட்டிய கோயிலுக்கு ஒரு எஸ்டிமேட்

மழைக்கு ஒதுங்கத்தான் அங்கே நின்றேன். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து வடகிழக்கே ஏழெட்டு மைல் சைக்கிள் மிதித்துக் கோல்பிட் ஹீத் என்ற ஊருக்குப் போயிருந்தேன். பெயரே தொழிலைச் சொல்லிவிடும்: நிலக்கரிக் குழி, அதை ஒட்டிய பொட்டல். இப்போது குழி கிடையாது. கடைசிச் சுரங்கத்தை 1949-இல் மூடிவிட்டார்கள். சாலையோரம் வீடுகள், பின்னால் புல்வெளி, ஒரு சின்னக் கல் கோயில்.

கோயிலின் பெயர் செயின்ட் சேவியர்ஸ். பாளையங்கோட்டைக்காரர்கள் அவசரப்பட வேண்டாம், இது சவேரியார் இல்லை. சேவியர் என்றால் இரட்சகர். எங்கள் பக்கத்தில் என்றால் ‘பரிசுத்த இரட்சகர் ஆலயம்’ என்று பலகை வைத்திருப்பார்கள்.

கோயில் பூட்டியிருந்தது. இங்கிலாந்தில் கிராமத்துக் கோயில்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இது பழகிவிடும். பாதி நாள் கதவின் இரும்பு வளையத்தைத் திருகிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்ட வாசலில் கூரை போட்ட ஒரு மர மண்டபம் இருந்தது, அதற்குள் புகுந்துகொண்டேன். லிச் கேட் என்பார்கள். ‘லிச்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். சவப்பெட்டியைத் தூக்கி வருகிறவர்கள் இங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். குருவானவர் அங்கி போட்டுக்கொண்டு இதுவரைக்கும் வந்து எதிர்கொள்வார். அவர் வர நேரமானால் மழையில் நனையாமல் இருக்கத்தான் கூரை. அன்றைக்கு நான் மட்டும் உயிரோடு ஒதுங்கியிருந்தேன்.

என் தொழில் எஸ்டிமேட் போடுவது. கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுத்தால் எத்தனை கன அடி கல், எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை ஆள் கூலி என்று பிரித்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பேன். இருபது வருடமாக இதே வேலை. எதைப் பார்த்தாலும் கண் அப்படித்தான் பார்க்கும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால்கூட கூரை ஷீட்டின் கனம் என்ன என்று தலை மேலே போகும். அந்த மண்டபத்துக்குள்ளும் தலை மேலேதான் போனது.

அடியில் இரண்டு பக்கமும் கல் மேடை. அதன்மேல் தடித்த மரச்சட்டங்கள். ஒன்றோடு ஒன்று கோத்து, தாங்குகட்டை கொடுத்து, கூரையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பூவேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தச் சட்டம் எதைத் தாங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு சட்டத்தையும் அழகுக்காகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. ஒன்றை எடுத்தாலும் கூரை இறங்கிவிடும். எங்கள் ஊர் ஆசாரி இதைப் பார்த்தால் ஒரு பீடியைப் பற்றவைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, “தொழிலு தெரிஞ்ச பயதான்” என்று சொல்லியிருப்பார்.

அந்தப் பயலின் பெயர் வில்லியம் பட்டர்ஃபீல்ட். 1814-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஸ்ட்ராண்ட் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர்கள் பலர் நேரே ஒரு பெரிய கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்து வரைபடம் பழகியபோது, இவர் முதலில் பிம்லிகோவில் ஒரு கட்டட மேஸ்திரியிடம் வேலை பழகச் சேர்ந்தார். கல், மரம், காரை, கூலி எல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. அந்த மேஸ்திரி பிற்பாடு திவாலாகிப்போனார். அதிலும் ஒரு பாடம் இருந்திருக்கும் என்பது என் தொழில்முறை அபிப்பிராயம்.

வீட்டில் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்தின் அரசுச் சபை, இல்லை. அரசுச் சபையை ஏற்காத கண்டிப்பான பிரிவினர். பிரிஸ்டலில் புகையிலை வியாபாரம் செய்த வில்ஸ் குடும்பத்தில் இவருக்கு ஒரு மாமா. அவருக்காக 1842–43-இல் ஹைபரி சேப்பல் என்று ஒரு பிரார்த்தனைக்கூடம் கட்டிக் கொடுத்தார், அதுதான் முதல் கட்டடம். அதற்குப் பிறகு ஆள் முழுக்க ஆங்கிலிக்கனாகிவிட்டார். உறவுக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சபைச் சண்டை பார்த்து வளர்ந்த எனக்கு நன்றாகத் தெரியும். மாமாவின் சேப்பலே இன்றைக்கு ஓர் ஆங்கிலிக்கன் கோயில் என்பது கூடுதல் வேடிக்கை. ஆங்கிலிக்கன் சபைக்காக அவர் கட்டிய முதல் கோயில்தான் என் எதிரே மழையில் நின்றுகொண்டிருந்தது. 1844–45. கட்டும்போது அவருக்கு வயது முப்பது.

உள்ளே போக முடியாததால் எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. வெளியே நின்றபடியே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடிந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை. இந்த வகைக் கோயில்கள் அப்படிக் கட்டப்பட்டவை.

உயரமான நீளக் கூரையின் கீழே சபை உட்காரும் இடம், நேவ் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் தாழ்ந்து சரிகிற கூரைகளுக்குக் கீழே ஐல், பக்கச் சிறகுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறகு இருந்தால் உள்ளே இரண்டு வரிசைத் தூணும் வளைவுகளும் இருந்தே ஆக வேண்டும். கிழக்குக் கோடியில் கூரை சட்டென்று ஒரு படி இறங்கிக் குறுகுகிறது. அதற்குக் கீழே ஆல்டர் என்கிற பீடமும் பாடகர் வரிசையும், அதுதான் சான்சல். நேவில் இருந்து அதற்குள் போக ஒரு பெரிய வளைவு இருக்கும், தரை ஒன்றிரண்டு படி ஏறும். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி அறைக்குத் தனிக் கதவு இருந்தால் அது வெஸ்ட்ரி, அங்கி மாற்றுகிற இடம். சபை நுழைகிற வாசல் மண்டபம் பெரும்பாலும் தென்பக்கம். வெயில் கிடைக்கிற பக்கம் அதுதான், வடக்கே குளிர். உள்ளே நுழைந்ததும் ஞானஸ்நானத் தொட்டி. சபைக்குள் வருகிறவன் முதலில் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்ததற்குக் காரணம், இதற்கெல்லாம் விதி எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர்கள் கட்டடக்காரர்களும் இல்லை, பிஷப்புகளும் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பையன்கள்.

1839-இல் ஜான் மேசன் நீல், பெஞ்சமின் வெப் என்ற இரண்டு டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் கேம்டன் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். விடுமுறையில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கோயில்களை அளந்து குறிப்பெடுப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அது எப்படியோ இயக்கமாகிவிட்டது. 1841-இல் கோயில் கட்டப் போகிறவர்களுக்கென்று ஒரு சின்னக் கையேடு போட்டார்கள். கோயிலுக்கு இன்றியமையாதவை இரண்டே இரண்டு, சான்சலும் நேவும். சான்சல் இல்லாத கோயில் கோயிலே கிடையாது. சான்சலின் நீளம் நேவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கையில் காசு கொஞ்சம்தான் என்றால் இந்த இரண்டையும் உருப்படியாகக் கட்டுங்கள், கோபுரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாணி என்றால் கோதிக், கூர்வளைவு வைத்த இடைக்காலப் பாணி; அதிலும் 1300-ஐ ஒட்டியது, அதுதான் முற்றிய கோதிக். அதே வருடம் ‘எக்ளிசியாலஜிஸ்ட்’ என்று ஒரு பத்திரிகையும் தொடங்கி 1868 வரை நடத்தினார்கள். புதிதாகக் கட்டிய கோயில்களுக்கு அதில் விமர்சனம் வரும். நம் ஊர் சினிமா விமர்சனம் எல்லாம் அதன் பக்கத்தில் சாது. ஒரு தொகுதியின் பெயரடைவில் ‘அங்கீகரிக்கப்பட்ட கட்டடக் கலைஞர்கள்’, ‘கண்டிக்கப்பட்ட கட்டடக் கலைஞர்கள்’ என்று இரண்டு தலைப்பே போட்டுவிட்டார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த சார்ல்ஸ் பாரி கண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர். பட்டர்ஃபீல்டின் பெயர் அங்கீகரிக்கப்பட்டவர்கள் பக்கம் இருந்தது.

இருபது வயதுப் பையன்களுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் எதைப் பார்த்து எரிச்சல்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் கோயில் என்பது பிரசங்கம் கேட்கிற கூடமாகிவிட்டிருந்தது. தட்டையான பூச்சுக் கூரை, மூன்று பக்கமும் பால்கனி, நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே பிரசங்க மேடை, ஆல்டர் எங்கோ ஓர் ஓரத்தில் சாப்பாட்டு மேஜை மாதிரி. சபை உட்காருவதற்குக் கதவு வைத்த பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்கு வருட வாடகை உண்டு. காசுள்ள குடும்பம் முன்பெட்டியை எடுத்துக்கொள்ளும், சிலர் உள்ளே கணப்பு அடுப்புகூட வைத்துக்கொண்டார்கள். ஏழைகளுக்கு நடைபாதையில் ஒரு பெஞ்சு, அல்லது ஒன்றும் இல்லை. தொழிற்புரட்சியில் ஊர்கள் வீங்கிக்கொண்டே போக, 1818-இல் நாடாளுமன்றம் புதுக் கோயில்கள் கட்டப் பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கியது, 1824-இல் இன்னும் ஐந்து லட்சம். அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் பல, உள்ளே பிரசங்கக் கூடம், வெளியே ஒட்டவைத்த கூர்மாடம். சிமெண்டில் வார்த்த அலங்காரம், மெல்லிய சுவர். கேம்பிரிட்ஜ் பையன்களின் கோபத்தின் பெரும்பகுதி இவற்றின் மேல்தான். வெளியே ஒன்று உள்ளே ஒன்று, அதைப் பொய் என்றார்கள். ஒரு கட்டடத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறது என்று திட்டுவது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஜிப்சம் பலகையைப் பூசி கிரானைட் என்று விற்கிறவர்களோடு இருபது வருடம் பில் சரிபார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அதே 1818-இல் கோயில் கட்ட நன்கொடை திரட்டித் தருகிற ஒரு சங்கமும் தொடங்கியது. காசு வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை: இத்தனை இருக்கைகள் என்றைக்கும் இலவசம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பல கோயில்களின் வாசல் மண்டபத்தில் இன்றைக்கும் அந்த அறிவிப்புப் பலகையைப் பார்க்கலாம். எத்தனை பேருக்கு இடம், அதில் எத்தனை இலவசம் என்று எண்ணோடு இருக்கும். எங்கள் ஊரில் டியூப்லைட் கொடுத்தவர் பெயரை டியூப்லைட்டிலேயே எழுதுவோம். இங்கே ஏழை உட்கார இடம் கொடுத்ததைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, கோல்பிட் ஹீத்துக்கு வருவோம். இந்த மண்ணில் நிலக்கரி தோண்டுகிறவர்களிடம் சபை வந்து சேர்ந்தது ரொம்பத் தாமதம். இங்கிருந்து சில மைல் தெற்கே கிங்ஸ்வுட். 1739-இல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் என்ற பிரசங்கியார் அங்கே திறந்தவெளியில் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்தார். அடுத்த சில வாரங்களில் ஜான் வெஸ்லியும் பிரிஸ்டலுக்கு வந்து அதே மாதிரி வெட்டவெளியில் நின்றார். மெதடிஸ்ட் என்ற எழுப்புதல் இயக்கத்தின் கதையில் இது பெரிய பக்கம். கோயிலுக்கு வராத மக்கள், வந்தாலும் உட்கார இடம் இல்லாத மக்கள், வயலில் நின்று கேட்டார்கள். அரசுச் சபை இந்த ஊருக்கென்று ஒரு கோயில் கட்ட அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. அதுவரை இது வெஸ்டர்லீ என்ற ஊர்க் கோயிலின் வட்டாரத்தில், அதாவது சேகரத்தில், ஒரு மூலை. ஆனால் கரிக்கு வழி அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. இங்கிருந்து பிரிஸ்டல் துறைக்குக் கரி இழுக்கக் குதிரை வண்டி ரயில் பாதை 1835-இலேயே முழுதாகத் திறந்துவிட்டது. கரிக்குப் பாதை முதலில், ஆத்துமாவுக்குக் கூரை பத்து வருடம் கழித்து. நான் குறையாகச் சொல்லவில்லை, தேதியைச் சொல்கிறேன்.

இப்போது எஸ்டிமேட்.

சுவர் உள்ளூர்க் கல். பென்னன்ட் என்கிற மணற்கல், இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க வெட்டியெடுத்தார்கள். சாம்பல் நிறம், மழையில் நனைந்தால் நீலம் ஓடும், சில கற்களில் துரு போட்டாற்போல் சிவப்பு. ஆர்.ஆர். மேசனரி என்று நாம் சொல்கிற கரடுமுரட்டுக் கட்டுதான், கொஞ்சம் வரிசை பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். செதுக்கி வழவழப்பாக்கிய வெளிர்கல் மூலைகளிலும், ஜன்னல் விளிம்பிலும், வாசல் வளைவிலும் மட்டும். ஏன் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். செதுக்கு கூலிதான் எஸ்டிமேட்டைத் தின்கிற பூதம். கூர்மை வேண்டிய இடத்தில் மட்டும் அதற்குக் காசு கொடு, மற்ற இடத்தில் கல் எப்படி வந்ததோ அப்படியே போடு.

சுவரின் கனத்தில் மிச்சம் பிடிக்கவில்லை. ஜன்னல் குழியின் ஆழத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முட்டுச்சுவர்கள் தரையில் அகன்று மேலே போகப் போகப் படிப்படியாகச் சுருங்குகின்றன. கூரை வெளியே தள்ளுகிற வேகத்தை அவைதான் வாங்கித் தரைக்கு அனுப்புகின்றன. கோபுரம் இருக்கிறது, ஆனால் ஊசிமுனை கிடையாது. சதுரமாக எழும்பிச் சதுரமாகவே நின்றுவிடுகிறது.

செலவைக் கொண்டு போய்க் கொட்டிய இடம் ஜன்னல்கள். மலிவாக முடிக்க ஒரு வழி இருந்தது. லான்செட் என்று ஈட்டிமுனை மாதிரி ஒற்றை நீளத் துவாரம், 1200-களின் ஆரம்பப் பாணி. செதுக்கு வேலை குறைவு, கண்ணாடி குறைவு. விக்டோரியா காலத்து ஏழைச் சபைகள் ஏராளமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தன. மலிவு என்று சொல்லாமல் ஆதிகாலத்து எளிமை என்று சொல்லிக்கொண்டார்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு பெரிய கூர்வளைவுக்குள் மெல்லிய கல் கம்பிகள் எழும்பி, கிளை பிரிந்து, மேலே இலை வடிவங்களாக முடிகின்றன. டிரேசரி என்பது இதுதான். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக அச்சுப் பார்த்துச் செதுக்க வேண்டும், ஒரு துண்டு கால் அங்குலம் பிசகினால் பக்கத்துத் துண்டு உட்காராது. கேம்பிரிட்ஜ் விதிப்படி பாணி 1300 என்றால் இதற்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். ஒரு சின்ன உதவி, கண்ணாடி மேல் இருந்த கலால் வரியை 1845-இல் எடுத்துவிட்டார்கள். செங்கல் வரி போக 1850 ஆனது. பட்டர்ஃபீல்ட் லண்டன் மார்கரெட் தெருவில் சிவப்புச் செங்கலும் கறுப்புச் செங்கலும் மாற்றி மாற்றி வைத்து ஆல் செயின்ட்ஸ் என்ற தன் பெரும்பணியை ஆரம்பித்ததும் அதே 1850-இல்தான்.

அந்த ஆல் செயின்ட்ஸை நான் பார்த்திருக்கிறேன். புத்தகங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றன. எனக்கு அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. சுவர் முழுக்க கோலம், கட்டம், ஓடு, சலவைக்கல், பொன். ஒவ்வொரு அங்குலமும் ஒரே நேரத்தில் பேசுகிறது. பக்கத்திலே பக்கத்திலே நாலு ஸ்பீக்கர் கட்டிய கொடைத் திருவிழா மாதிரி. கோல்பிட் ஹீத்தில் அதே ஆள் வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். இது பக்குவமா, பட்ஜெட்டா என்று கேட்டால் பட்ஜெட் என்றுதான் சொல்வேன். எனக்குப் பிடித்திருப்பது அந்த பட்ஜெட் பட்டர்ஃபீல்ட்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே குருவானவருக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார். கட்டடக்கலை மாணவர்கள் இந்த ஊருக்கு வருவது முக்கால்வாசி அந்த வீட்டுக்காகத்தான். எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அந்த அளவுக்கு ஜன்னல், இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கவலையே இல்லை. செங்குத்தான கூரை, கனத்த புகைபோக்கி. கோதிக் மாளிகை வேஷம் எதுவும் இல்லாத கல்வீடு. பதினைந்து வருடம் கழித்து 1859–60-இல் கவிஞரும் அலங்காரக் கலைஞருமான வில்லியம் மாரிஸுக்காக ஃபிலிப் வெப் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய ரெட் ஹவுஸ் என்ற வீட்டின் வேர்களை இங்கேதான் தேடுவார்கள். இன்றைக்கு இங்கிலாந்தின் புறநகர்களில் காண்கிற சரிந்த கூரை வீடுகளின் வம்சாவளியை நூல் பிடித்துப் போனால் இந்த வீட்டையும் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். மழை விட்டதும் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். யாரோ குடியிருக்கிற வீட்டை அதற்கு மேல் உற்றுப் பார்ப்பது அழகில்லை.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா பாட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்து, “கதவை இழுத்துச் சாத்து, மை லவர், சூடு வெளியே போகுது” என்றார். பிரிஸ்டல் பக்கம் வயசான அம்மாக்கள் யாரையும் ‘மை லவர்’ என்பார்கள். நம் ஊர் ‘மக்கா’ மாதிரிதான். புதிதாக வந்த நாளில் இதைக் கேட்டு நான் வெலவெலத்துப்போன கதை தனி.

உட்கார்ந்ததும் மேலே பார்த்தேன். பூச்சு இல்லை, தட்டுக்கூரை இல்லை, கூரையின் மரம் அப்படியே தெரிந்தது. தூண்கள், வளைவுகள், சான்சல் வளைவு, படிகள் எல்லாம் நான் வெளியே நின்று எழுதிய பட்டியலில் இருந்தவைதான். பட்டியலில் விட்டுப்போனது ஒன்று, சத்தம். ஆர்கன் தொடங்கியதும் கல் சுவரில் பட்டு மரக்கூரைக்குள் ஏறி இறங்கி வந்தது பாட்டு. பால்கனியில் பிடில், கிளாரினெட் வைத்து ஊர்க்காரர்கள் வாசித்த பழைய கோயில் கச்சேரிகளை விக்டோரியா காலத்துப் பாதிரியார்கள் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். பால்கனியை இடித்தார்கள், சான்சலில் பாடகர் வரிசை போட்டார்கள், ஆர்கனைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிடில்காரர்களை நினைத்தால் வருத்தம்தான், ஆனால் இந்தக் கூரைக்கு அந்த ஆர்கன் பொருத்தம். மெட்டு எனக்குத் தெரிந்த மெட்டு. சின்ன வயதில் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பாடியது. என் வாயில் தமிழ் வந்தது. பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்.

தெரிந்தது மெட்டு மட்டும் இல்லை. இந்த வடிவமும்தான்.

என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்துத் தேரிக்காடு. மெஞ்ஞானபுரம் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனங்காட்டுக்கு நடுவே 192 அடிக்கு ஊசிக்கோபுரம். ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் மிஷனரி எழுப்பிய கோயில், அடக்கமானது என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்வது அதைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்ன ஊர்க் கோயில்களை. எங்கள் ஊர்க் கோயிலுக்கும் கிழக்கே ஒரு கூரை படி இறங்கும். அதற்குள் ஆல்டர். நுழைகிற இடத்தில் ஞானஸ்நானத் தொட்டி. பக்கத்தில் ஐயர், எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம், அங்கி மாட்டுகிற குச்சறை. ஜன்னல் மேலே கூர்முனை. நான் இங்கிலாந்து வரும்வரை அதெல்லாம் பைபிளிலேயே எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாலமோன் கட்டிய ஆலயத்துக்கும் வாசல் மண்டபம் இருந்ததே, அந்தக் கணக்கில். பனியே விழாத ஊரில் கூரைக்கு அவ்வளவு சரிவு எதற்கு என்றோ, சித்திரை வெயிலில் ஜன்னல் ஏன் அவ்வளவு குறுகல் என்றோ கேட்கத் தோன்றியதே இல்லை. காற்று வரவில்லை என்றால் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வோம், அவ்வளவுதான்.

அன்று மாலை அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, எடுத்த படங்களை அனுப்பினேன். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் பன்னிரண்டு வருடம் பொருளாளராக இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கோபுரத்துக்கு முனை வைக்கலையால? துட்டு பத்தலையோ?”

“முனை இல்லாமத்தான் கட்டிருக்காங்க அப்பா.”

“துட்டு பத்தலைன்னு சொல்லு. மேல என்னது, ஓடா?”

இங்கிலாந்துக் கூரைகள் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். ரயில் வந்த பிறகு வேல்ஸ் மலையில் இருந்து கற்பலகை எல்லா ஊருக்கும் போக ஆரம்பித்தது, அளவுக்குத் தகுந்தாற்போல் பலகைக்கு டச்சஸ், கவுண்டஸ், லேடி என்று ராணி வீட்டுப் பெயர்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கட்டடக் கலைஞர் வந்து ஒவ்வொரு கோயிலையும் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 1955-இல் சபைச் சட்டமே போட்டார்கள், இப்படி. அப்பா பொறுமையாகக் கேட்டார். ஐந்து வருட அறிக்கை என்றதும் மட்டும் கண் விரிந்தது.

“அது நல்ல ஏற்பாடுல. நம்ம கோயில்ல ஒழுகுனாத்தான் மேல ஏறிப் பாப்போம்.” கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் விஷயம் வந்தது. “ஏல, இங்க கமிட்டில கூரையப் பிரிச்சுட்டு ஷீட் போடணும்னு பேச்சு ஓடுது. கைமரம் எல்லாம் உளுத்துப் போச்சுங்கானுவ. கீழே பால்ஸ் சீலிங் அடிச்சு ஏசி வைக்கணுமாம். நீதான இதுக்குப் படிச்சவன், ஒரு எஸ்டிமேட் போட்டு அனுப்பு.”

“உளுத்திருக்கான்னு யாரு பாத்தா?”

“யாரும் ஏறிப் பாக்கல.”

மரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலையில் பதினாலு படங்கள் வந்திருந்தன. யாரோ ஒரு பையனை ஏணியில் ஏற்றியிருக்கிறார்கள், நாலு படத்தில் அவன் கட்டைவிரல்தான் தெரிகிறது. மற்றவற்றில் பனங்கை. வைரம் பாய்ந்த கறுப்புப் பனை, இரண்டு பக்கமும் சாய்ந்து உச்சியில் கூடி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். கோல்பிட் ஹீத் லிச் கேட்டில் விரல் வைத்துப் பார்த்த அதே கணக்கு. சுவரில் உட்காருகிற நுனிகள் மட்டும் இரண்டு இடத்தில் வெளுத்திருந்தன, ஓடு விலகித் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நடுமரத்தில் ஆணி ஏறுமா என்று பார்க்கச் சொல்லிக் கேட்டேன். ஆணி வளைந்துவிட்டது என்று அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

எக்செலைத் திறந்து முதல் வரி போட்டேன்: கைமர நுனி மாற்ற, எண்ணம் 2. இரண்டாவது வரி: ஓடு பிரித்து மறுபடி அடுக்க. மூன்றாவது வரியில் சீலிங்குக்கு ரேட் கேட்டிருக்கிறார்கள். அதை இன்னும் நிரப்பவில்லை.